அன்னா ஜூலியா கூப்பர் அம்மையார்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் கல்வி பற்றிப் பேச்செழும்போது நம் இளைஞர்கள் புக்கர் டி. வாஷிங்டன் பெயரையே முதலில் கூறுவர். அடிமையாய்ப் பிறந்து டஸ்கிகீ கல்வி நிலையத்தை உருவாக்கிய அப்பெரியாரைப் போற்றுவதில் நமக்குத் தடையில்லை. ஆயினும், அவர் வற்புறுத்திய கைத்தொழிற் கல்வி ஒன்றே கறுப்பர்க்குப் போதும் என்று வெள்ளையர் பலர் முடிவு கட்டியபோது, போதாது என்று தம் பள்ளிக்கூடத்திலேயே செய்து காட்டிய தலைமையாசிரியை ஒருவர் இருந்தார். 2009 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்த அன்னா ஜூலியா கூப்பரே அவர்.

அம்மையார் 1858 ஆகஸ்டு 10 ஆம் நாள் வட கரோலினா மாநிலத்து ராலே நகரில் அடிமைத் தாய் ஒருவரின் மகளாய்ப் பிறந்தார். அடிமைமுறை 1865 இல் ஒழிந்தபின், விடுதலை பெற்ற மக்களுக்கென ராலேயில் தொடங்கப்பெற்ற செயின்ட் அகஸ்டின் பள்ளியில் சேர்ந்தார். அங்கே கிரேக்க வகுப்பு சமயப் பணிக்குச் செல்லும் ஆடவர்க்கென ஒதுக்கப்பட்டிருந்தது. சிறுமி கேட்டு வாதாடி அவ்வகுப்பில் இடம் பெற்றார். 1877 இல் மணம் புரிந்து, 1879 இல் கைம்பெண் ஆனார். அப்போது வயது 21. ஓபர்லின் கல்லூரிக்குச் சென்றவர், பெண்களுக்கென வகுத்த எளிய பாடத்தை விடுத்து ஆடவர் பயின்ற நான்காண்டுப் பாடத்தையே எடுத்து, 1884 இல் பி.ஏ. பட்டமும் 1887 இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார்.

1902 இல் வாஷிங்டன் நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான எம் தெரு உயர்நிலைப்பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆனார். அம்மையார் அங்கே இலத்தீனையும் கணிதத்தையும் குறைக்கவில்லை. மாணவர்கள் ஹார்வர்டு, யேல் போன்ற பல்கலைக்கழகங்களில் இடம் பெறலாயினர். கல்வி அதிகாரிகளோ பாடத்திட்டத்தைத் தொழிற்பயிற்சியின் பக்கம் திருப்ப விரும்பினர். பள்ளி நிருவாகம் சரியில்லை, கட்டுப்பாடு இல்லை என்று குற்றச்சாட்டுகள் கிளம்பின. 1906 இல் அவர் பதவி புதுப்பிக்கப்படவில்லை. தச்சும் கொல்லும் இழிந்தவை என்று அம்மையார் கருதினாரல்லர். எந்தப் பிள்ளைக்கு எது என்பதை அப்பிள்ளையின் தோலைப் பார்த்து முடிவு செய்வதையே மறுத்தார். இதை நாம் விரித்துரைக்கக் காரணம் உண்டு. நம் பிள்ளைகளுக்கும் ஒரு கைத்தொழில் போதும், மேற்படிப்பு எதற்கு என்று பரிவோடு அறிவுரை கூறுவோரை நாம் பள்ளி அலுவலறையிலேயே கண்டிருக்கிறோம்.

மிசௌரியில் சில ஆண்டுகள் கற்பித்துவிட்டு, 1910 இல் அதே பள்ளிக்கு இலத்தீன் ஆசிரியையாகத் திரும்பினார். தலைமை வகித்த இடத்தில் உதவியாசிரியராய் அமர்வது எளிதன்று. அம்மையார் அமர்ந்தார். கோடை விடுமுறைகளில் பாரிசு சென்று பயின்றார். 1914 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டப் படிப்பைத் தொடங்கினார். 1915 இல் தாயற்ற ஐந்து குழந்தைகள், தம் சகோதரரின் பேரப்பிள்ளைகள், அவர் பொறுப்பில் வந்து சேர்ந்தனர். கொலம்பியாவின் விதிப்படி ஓராண்டு அங்கேயே தங்கிப் பயில வேண்டும். வேலையையும் குழந்தைகளையும் விட்டு அவ்வாறு தங்க இயலவில்லை.

பிறிதொருவராயின் இங்கே படிப்பை முடித்துக் கொண்டிருப்பர். அம்மையார் கொலம்பியாவில் தேர்ந்த பாடங்களைப் பாரிசுப் பல்கலைக்கழகம் ஏற்குமாறு செய்து, அங்கே பதிவு செய்துகொண்டார். விடுப்பு பெற்றுப் பாரிசில் ஆவணங்களைப் பார்த்துக் கொண்டிருந்தபோது, குறித்த காலத்துள் திரும்பாவிடின் வேலை போய்விடும் என்ற எச்சரிக்கை எட்டியது. திரும்பி வந்து வகுப்பு எடுத்தார். எஞ்சிய ஆய்வை வாஷிங்டனில் காங்கிரசு நூலகத்தில் செய்தார். விடுப்பு விண்ணப்பத்தின் விலை என்னவென்று ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு நன்கு தெரியும்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலந்தொட்டு அடிமைமுறையின்பால் பிரான்சு நாடு கொண்ட மனப்பாங்கே ஆய்வுப்பொருள். பிரெஞ்சு மொழியிலேயே எழுதினார். 1925 மார்ச்சு 23 ஆம் நாள் ஆய்வுரையை நிலைநாட்டும் வாய்மொழித் தேர்வு நடைபெற்றது. தேர்வாளருள் ஒருவர் செலஸ்தென் பூக்ளே. நம் நாட்டுச் சாதி முறையைப் பற்றி 1908 இல் நூல் எழுதிய அதே பேராசிரியர்தாம். சமத்துவக் கருத்து மேலைநாட்டாரின் தனி விளைச்சல் என்ற வகையில் அவர் எழுதியிருந்தார். அவர் எதிரிலேயே, சமத்துவ உணர்வு எந்த ஓர் இனத்தின் தனிச்சொத்தும் அன்று, மனிதராய்ப் பிறந்த அனைவர்க்கும் இயல்பாக உரியது என்று அம்மையார் வாதிட்டார். பட்டம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 66. அவ்வாண்டு டிசம்பர் 29 ஆம் நாள் வாஷிங்டனில் ஹோவார்டு பல்கலைக்கழகத்தில் நடந்த விழாவில் பட்டச் சான்றிதழ் வழங்கப்பெற்றது.

பட்டத்தால் பதவி உயர்வு ஒன்றும் வரவில்லை. 1930 இல் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டில், பகலில் கூலி வேலை செய்வோர் மாலையில் பயில்வதற்கான பிரீலிங்ஹைசன் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். இடவசதி இல்லாதபோது வகுப்புகள் அவர் வீட்டிலேயே நடந்தன. எழுத்தறிவற்ற முதியோர்க்கென அதில் ஒரு பிரிவைத் தொடங்கி, அதற்குத் தம் தாய் ஹன்னா ஸ்டான்லியின் பெயரைச் சூட்டினார். 1964 பிப்ரவரி 27 ஆம் நாள், தம் 105 ஆம் வயதில், வாஷிங்டனில் காலமானார். உடல் ராலே நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1879 இல் மறைந்த கணவரின் அருகே அடக்கம் செய்யப்பெற்றது.