பகை மறந்த முதுமை

அமெரிக்க விடுதலைக்குப் பாடுபட்ட தலைவர்களுள் ஒருவர் ஜான் ஆடம்ஸ். 1735ஆம் ஆண்டு மாசசூசெட்ஸில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். வழக்கறிஞராகி, நாட்டின் இரண்டாம் குடியரசுத் தலைவராகவும் உயர்ந்தார். மறு தேர்தலில் பழைய நண்பரான தாமஸ் ஜெபர்சனிடம் தோற்றார். அந்த வேதனை தாளாமலோ என்னவோ, 1801 மார்ச் 4ஆம் நாள் ஜெபர்சனின் பதவியேற்பு விழாவைக் காண நில்லாமல், பொழுது விடியுமுன்னே வண்டியேறித் தலைநகரை விட்டுச் சென்றார்.

குவின்சி என்னும் சொந்த ஊரில் பண்ணையும் நூல்களுமாக இருபத்தைந்து ஆண்டுகள் ஓய்வில் வாழ்ந்தார். நாட்டு நடப்பை அறியும் ஆவல் மட்டும் ஓயவில்லை. கண்ணொளி மங்கியபின் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மருத்துவர் பெஞ்சமின் ரஷ் என்னும் நண்பரின் முயற்சியால், 1812 புத்தாண்டு நாளில் ஜெபர்சனுக்குத் தாமே முதலில் மடல் எழுதினார். பதினான்கு ஆண்டுகளில் இருவருக்கும் இடையே 150க்கு மேற்பட்ட மடல்கள் சென்று வந்தன.

1825 மார்ச் 4ஆம் நாள் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் ஆறாம் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். அதைக் காண அன்னை அபிகெயில் உயிரோடில்லை. 89 வயதுத் தந்தையோ தொலைவிலிருந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். ஒருமுறை வெறுத்து நீங்கிய விழாவை, இம்முறை விரும்பினாலும் காண இயலாத முதுமை!

1826 ஜூலை 4ஆம் நாள் விடுதலைப் பிரகடனத்தின் பொன்விழாவை நாடே கொண்டாடியது. தளர்ந்திருந்த ஆடம்ஸ் அன்று மாலை கண்மூடினார். சில மணி நேரம் முன்னதாக, வர்ஜீனியாவில் ஜெபர்சனும் மறைந்திருந்தார். அச்செய்தி மட்டும் அவரை எட்டவில்லை.

மாணவியரே, பிணங்கிய தோழிக்கு முதல் மடலை நாமே எழுதுவோம். காலம் நமக்காகக் காத்திராது.