வருமானம் 4 மடங்கு, செலவு அதே 28 பவுண்டு: ஜான் வெஸ்லியின் பணக் கணக்கு என்ன?

இன்க்ரிமென்ட் வந்தா செலவும் கூடவே ஏறிடும். கொஞ்சம் பெரிய வீடு, புது போன், புது இஎம்ஐ. இது நம்ம காலத்துப் பிரச்சனை மட்டும் இல்லை. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். அவர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. சென்னை ராயப்பேட்டையில் உள்ள வெஸ்லி பள்ளியின் பெயரில் இருப்பவர் இவர்தான்.

யார் இவர்?

1703-ல் லிங்கன்ஷயரின் எப்வொர்த் ஊரில் பிறந்தார். 19 பிள்ளைகள் பிறந்த வீடு. அப்பா சாமுவேலும் பாதிரியார். வாங்கிய கடனைக் கட்ட முடியாததால் 1705-ல் அவர் சிறைக்குப் போனார். பணம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பது ஜானுக்குச் சின்ன வயசுலயே தெரியும்.

1726-ல் ஆக்ஸ்ஃபோர்டின் லிங்கன் கல்லூரியில் ஃபெல்லோ ஆனார். நிலையான வருமானம் வந்தது.

28 பவுண்டு கணக்கு

ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஒரு இளைஞரின் கதை என்று வெஸ்லி பின்னாளில் ஒரு கணக்கைச் சொன்னார். அந்த இளைஞர் அவரேதான் என்பது வரலாற்றாளர்களின் கருத்து.

முதல் ஆண்டு: வருமானம் 30 பவுண்டு, கொடுத்தது 2 (சுமார் 7%)
இரண்டாம் ஆண்டு: வருமானம் 60, கொடுத்தது 32 (53%)
மூன்றாம் ஆண்டு: வருமானம் 90, கொடுத்தது 62 (69%)
நான்காம் ஆண்டு: வருமானம் 120, கொடுத்தது 92 (77%)

நான்கு ஆண்டும் அவருடைய சொந்தச் செலவு 28 பவுண்டுதான். மீதி ஏழைகளுக்குப் போனது.

சம்பாதிப்பது தப்பா?

இல்லை. 1760-ல் அச்சான அவரது பிரசங்கம் மூன்று விதிகளைச் சொல்கிறது: முடிந்தவரை சம்பாதி, முடிந்தவரை மிச்சம் பிடி, முடிந்தவரை கொடு. ஆனால் முதல் விதிக்கே நிபந்தனைகள் உண்டு. உடம்பைக் கெடுக்கும் வேலை கூடாது. பக்கத்துக் கடைக்காரரை ஒழிக்க விலையைக் குறைக்கக் கூடாது. அவருக்குத் தேவையான வேலையாளை இழுக்கவும் கூடாது. கொடுப்பதிலும் வரிசை உண்டு: முதலில் தன் தேவை, அடுத்து குடும்பம், பிறகுதான் மற்றவர்கள்.

கடன் கொடுத்த பாதிரியார்

1746-ல் லண்டனில் ஏழைகளுக்கு ஒரு கடன் நிதி தொடங்கினார். திரட்டியது சுமார் 31 பவுண்டு. ஒருவருக்கு அதிகபட்சம் 1 பவுண்டு. வாராவாரம் கட்டி 3 மாதத்தில் முடிக்க வேண்டும். ஒரே நேரத்தில் 30 பேருக்குத்தான் முழுத் தொகை கொடுக்க முடியும். ஆனால் திரும்பி வந்த பணம் அடுத்தவருக்குப் போனதால், 18 மாதத்தில் 255 பேர் பயன்பெற்றார்கள்.

எங்கே சிக்கல்?

வெஸ்லிக்குக் குழந்தைகள் இல்லை. 1751 வரை கல்யாணமும் ஆகவில்லை. வீட்டுக் கடனும் பெற்றோரின் மருத்துவச் செலவும் இருக்கிறவங்க அதே 28-ல் நிற்பது கஷ்டம்தான்.

இன்னொரு சிக்கலை அவரே பார்த்தார். உழைப்பும் சிக்கனமும் அவருடைய தொண்டர்களைப் பணக்காரர்கள் ஆக்கின. முதல் இரண்டு விதிகளைப் பிடித்துக்கொண்ட பலர் மூன்றாவதை விட்டுவிட்டார்கள். கடைசிக் காலப் பிரசங்கங்களில் இதைச் சொல்லி அவர் வருந்தினார். பிறகு சமூகவியலாளர் மேக்ஸ் வெபர், முதலாளித்துவத்துக்கும் புராட்டஸ்டன்ட் மதத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தபோது வெஸ்லியின் இந்தக் கவலையையும் எடுத்துக்கொண்டார்.

வெஸ்லி கடைசி வரை மூன்றாவது விதியை விடவில்லை. புத்தகங்கள் நன்றாக விற்று வருமானம் பெருகிய பிறகும், 1776-ல் வரி அதிகாரிகள் வெள்ளிச் சாமான் பற்றிக் கேட்டபோது அவரிடம் இருந்தது 4 ஸ்பூன்தான்: லண்டனில் 2, பிரிஸ்டலில் 2. 1791-ல் 87 வயதில் இறந்தார். சவ ஊர்வல வண்டி வேண்டாம், 6 ஏழைகள் சுமக்கட்டும், ஆளுக்கு 1 பவுண்டு கொடுங்கள் என்று உயிலில் எழுதியிருந்தார்.

வெஸ்லியின் 28 நமக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனா அடுத்த இன்க்ரிமென்ட் வர்றதுக்கு முன்னாடி, நமக்கு எவ்வளவு போதும்னு ஒரு எண்ணை எழுதி வைக்கலாம்.