லட்சுமியைத் தாமரையோடு வீட்டுக்குக் கொண்டுவந்த ஓவியர்

காஞ்சீபுரத்தை அடுத்துப் பாலாற்றுப் பக்கம் இருக்கிறது ஓரிக்கை. பெருமாள் ஓர் இரவு தங்கியதால் வந்த பெயர் என்பார்கள். பட்டுக்குப் பேர்போன வட்டாரம்.

பட்டுச்சேலையின் கரையைப் பாருங்கள். மல்லிமொக்கு இருக்கும், தாழம்பூ இருக்கும். சிவபூசைக்கு ஆகாது என்று ஒதுக்கிய தாழம்பூ, கல்யாணப் பட்டில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது! பூவுக்கு இடத்துக்கு இடம் ஒரு பொருள்.

சேலையில் பூ பேசுவதுபோல் சித்திரத்திலும் பூவைப் பேச வைத்தார் ஒருவர். அவர்தான் ராஜா ரவிவர்மா. தாமரையில் நிற்கும் லட்சுமி படம் வீட்டுக்கு வீடு தொங்குகிறதே, அதற்கு வழிகாட்டியவர் அவரே.

1848-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி, திருவாங்கூர் சமஸ்தானத்துக் கிளிமானூரில் பிறந்தார். சிறுவயதில் சுவரெல்லாம் கரித்துண்டால் படம் போடுவாராம். மாமா ராஜராஜவர்மா அதட்டவில்லை, தாமே கற்றுக்கொடுத்தார்.

14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போனார். எண்ணெய் வண்ணத்தின் ரகசியத்தை அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு சொல்லித்தர மறுத்தார். நாயுடுவின் சீடர் ஆறுமுகம் பிள்ளை, இரவில் ஒருவருக்கும் தெரியாமல் வந்து உதவினார் என்று சொல்வார்கள். பிறகு தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியர் வந்தார். அவரும் கற்றுத்தரவில்லை. பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவிவர்மா பார்த்தே கற்றார்!

1873-ல் சென்னையில் ஓவியக் கண்காட்சி. நாயர் பெண் ஒருத்தி கூந்தலில் பூச்சரம் சூடும் படத்தை அனுப்பினார். தங்கப்பதக்கம் கிடைத்தது. வியன்னாவிலும் பரிசு. தலையில் பூ என்றால் மங்களம் என்பது நம் வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். தாலி இழந்தவளுக்கு அதே பூவை மறுத்ததும் நம் வீடுகள்தான்.

1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கினார். படங்களை அச்சிடும்படி முன்பே யோசனை சொன்னவர், கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவராவ். அச்சில் வந்தாள் லட்சுமி. காலடியில் தாமரை, கையிலும் தாமரை, பக்கத்தில் மாலை ஏந்திய யானை. சேற்றில் பிறந்தும் சேறு ஒட்டாத பூ அல்லவா! (சரஸ்வதியை மட்டும் ஏனோ பாறைமேல் உட்கார வைத்தார்.)

கோயிலுக்குள் விடப்படாத ஜனங்களும் அந்தப் படத்தை வாங்கிச் சுவரில் மாட்டிக் கும்பிட முடிந்தது. திருவாங்கூரில் ஆலயப் பிரவேசம் வந்தது 1936-ல்தான். அதற்குச் சுமார் 40 ஆண்டு முன்பே, லட்சுமி தாமரையோடு கடைக்கு வந்துவிட்டாள்.

ஆனால் அச்சுக்கூடம் அவருக்குக் கடனையே கொடுத்தது. சில ஆண்டுகளில் விற்றுவிட்டார். 1905-ல், கூடவே இருந்து வரைந்த தம்பி ராஜராஜவர்மா இறந்தார். அண்ணன் அந்தத் துக்கத்திலிருந்து மீளவில்லை. 1906 அக்டோபர் 2-ந் தேதி, பிறந்த கிளிமானூரிலேயே கண்ணை மூடினார்.

1889-ல் அவர் தீட்டிய சங்கீதப் பெண்கள் பதினொரு பேரை, 2008-ல் ஒரு பட்டுச்சேலையின் முந்தானையில் நெய்தார்கள். விலை சுமார் 40 லட்சம் ரூபாய்!