பராக்கு இல்லாத ஒரு மணித்தியாலம்: பிளேஸ் பஸ்காலின் கதை

எங்கள் பாடசாலைகளில் பஸ்கால் என்றால் அமுக்கத்தின் அலகு. கணிதத்தில் அது ஒரு முக்கோணி. தகவல் தொழினுட்பப் பாடத்துக்குப் போனால் ஒரு கணினி மொழி. பரீட்சை முடியும்வரை அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்று யோசிக்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. மனிதனால் ஏன் தன்னுடைய நினைவுகளோடு மட்டும் இருக்க முடியவில்லை என்ற கேள்வியை எழுதிவைத்துவிட்டு 39 வயதில் இறந்துபோனவர் அவர் என்பதை, ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில்தான் நான் அறிந்துகொண்டேன். மக்களின் கவனத்தை எப்படிப் பிடித்துவைப்பது என்று படித்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்தக் கவனம் எதிலிருந்து தப்பி ஓடுகிறது என்று கேட்ட ஒருவரின் வாழ்க்கை தேவையாக இருந்தது.

அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காகத்தைக் காட்டுவோம், நிலவைக் காட்டுவோம். பிள்ளைக்கு வலி போவதில்லை, அது மறந்துபோகும். இதைத்தான் பராக்குக் காட்டுதல் என்கிறோம். பஸ்கால் இந்தக் கருத்துக்குப் பயன்படுத்திய பிரெஞ்சுச் சொல்லைத் தமிழில் தத்துவச் சொற்களால் மொழிபெயர்ப்பதைவிட, பராக்கு என்று சொல்வதே பொருத்தம். வளர்ந்த பிறகும் எங்களுக்குப் பராக்கு வேண்டியிருக்கிறது, அதைக் காட்டுகிற வேலையையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பதே அவர் கண்டது.

பஸ்கால் 1623ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் திகதி பிரான்ஸின் கிளெர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். தந்தை எத்தியேன் மறுமணம் செய்யாமல் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். மூத்தவர் ஜில்பேர்த், இளையவர் ஜாக்லின், நடுவில் பிளேஸ். 1631இல் குடும்பம் பரிஸுக்கு இடம்பெயர்ந்தது. மகனைப் பாடசாலைக்கு அனுப்பாமல் தந்தையே கற்பித்தார். மொழிகளைக் கற்று முடிக்கும்வரை கணிதம் வேண்டாம் என்று அந்தப் புத்தகங்களை ஒளித்தும் வைத்தார். பன்னிரண்டு வயதுப் பையன், விளையாடும் அறையில் தனியாக இருந்து, நிலத்தில் கரியால் கோடுகள் கீறித் தானாகவே கேத்திர கணிதத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான் என்று ஜில்பேர்த் பின்னாளில் எழுதினார். தனியறை, ஒரு மனம், செய்வதற்கு ஒரு கணக்கு. பஸ்காலின் வாழ்க்கை முழுவதையும் இந்தக் காட்சிக்குள் காணலாம். அவரால் தனியாக இருக்க முடிந்தது. ஆனால் கையில் ஒரு கணக்கு இருக்கவேண்டும்.

கணக்குகளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. பதினாறு வயதில் கூம்பு வளைவுகள் பற்றி எழுதினார். தந்தை ரூவான் நகரில் வரி அதிகாரியாக இருந்து இரவிரவாகக் கூட்டிக் கழித்துக் களைப்பதைப் பார்த்து, 1642இல் கணிக்கும் பொறியொன்றைச் செய்யத் தொடங்கினார். பற்சக்கரங்களால் கூட்டலும் கழித்தலும் செய்த அந்தப் பொறிக்காகப் பல மாதிரிகளைச் செய்து பார்த்தார். பின்னர் வெற்றிடம் பற்றிய ஆய்வுக்குள் இறங்கினார். அவரது ஏற்பாட்டில், 1648 செப்டெம்பர் 19ஆம் திகதி, ஜில்பேர்த்தின் கணவர் ஃபுளோரின் பெரியே இரசம் நிரப்பிய குழாயுடன் பியூய் த டோம் மலையில் ஏறினார். மேலே போகப்போக இரச நிரலின் உயரம் குறைந்தது. வளிக்கும் நிறையுண்டு என்பதை உலகம் நம்புவதற்கு அந்த மலையேற்றம் பெரிய காரணம். அமுக்கத்தின் அலகுக்கு அவருடைய பெயர் வந்ததும் இந்த வேலைகளால்தான்.

ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. பதினெட்டு வயதுக்குப் பிறகு வலியில்லாத நாளொன்றைத் தான் கண்டதில்லை என்று அவர் வீட்டில் சொல்வாராம். 1647 செப்டெம்பரில் அவரைப் பார்க்க வந்த தத்துவஞானி ரெனே டேக்கார்ட், நன்றாகப் படுத்து ஓய்வெடுக்கும்படியும் சூப் குடிக்கும்படியும் ஆலோசனை சொல்லிவிட்டுப் போனார். வைத்தியர்களோ மூளைக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டுப் பொழுதுபோக்குகளில் ஈடுபடச் சொன்னார்கள். பராக்குத்தான் அவருக்கு எழுதிக்கொடுக்கப்பட்ட மருந்து.

1651 செப்டெம்பரில் தந்தை இறந்தார். அடுத்த ஜனவரியில் தங்கை ஜாக்லின் போர்ட் ரோயல் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டார். அவர் போவதைப் பஸ்கால் விரும்பவில்லை. நான்கு மாதத்துக்குள் வீடு வெறுமையானது. ஜில்பேர்த் குடும்பத்தோடு கிளெர்மோனில் இருந்தார். 28 வயதில் முதல் தடவையாகப் பஸ்கால் உண்மையில் தனித்துப்போனார். அதன் பிறகு அவர் உயர்குடி நண்பர்களோடு பழகியதையும், சூதாட்ட மேசைகளின் கதைகளைக் கேட்டதையும் வரலாற்றாசிரியர்கள் அவருடைய உலகியல் காலம் என்று அழைக்கிறார்கள். நான் அதை வெறுமையான வீட்டுக்குப் போகப் பின்னடித்த ஒருவரின் காலமாகவே வாசிக்கிறேன். அங்கேயும் கணக்கு அவரை விடவில்லை. பாதியில் நின்றுபோன சூதாட்டத்தில் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு, 1654இல் பியேர் ஃபெர்மாவுடன் கடிதங்கள் பரிமாறினார். நிகழ்தகவுக் கணிதத்தின் தொடக்கம் அந்தக் கடிதங்களில் இருக்கிறது.

அதே ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு பத்தரை மணியளவிலிருந்து நள்ளிரவு தாண்டி அரை மணிவரை ஏதோ நடந்தது. ஆழ்ந்த சமய அனுபவம் என்பதற்கு மேல் அதை விபரிப்பது கடினம். அதை அவர் ஒரு தாளில் குறித்தார். யாருக்கும் சொல்லவில்லை. அந்தக் குறிப்பைத் தன் மேலங்கியின் உட்துணிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். அங்கி மாறும்போதெல்லாம் பிரித்தெடுத்து அடுத்ததில் தைத்தார். எட்டு ஆண்டுகளின் பின், அவர் இறந்த பிறகு, வேலையாள் ஒருவர் துணி தடித்திருப்பதைக் கண்டு பிரித்தபோதுதான் அது வெளியே வந்தது. தனிமை அவருக்குக் கணக்கில்லாமல் எதையாவது தந்தது என்றால், அது அந்த இரண்டு மணித்தியாலங்கள்தான். மறந்துபோய்விடுவோமோ என்ற பயம் இல்லாதவர் அதை உடம்போடு தைத்துக்கொண்டிருக்கமாட்டார்.

1655 ஜனவரியில் போர்ட் ரோயலில் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். பின்னர் மடத்தைச் சூழ்ந்த சமயச் சர்ச்சைக்குள் குதித்து, இயேசு சபையினரைக் கிண்டல் செய்து பதினெட்டுக் கடிதங்களைப் புனைபெயரில் வெளியிட்டார். அதன் பின்னரே கிறிஸ்தவத்துக்காக வாதிடும் பெரிய நூலொன்றுக்குக் குறிப்புகள் சேர்க்கத் தொடங்கினார். பெரிய தாள்களில் எழுதி, கத்தரித்து, நூலில் கோத்துக் கட்டுகளாக வைத்தார். அவற்றில் ஒரு கட்டின் தலைப்புத்தான் பராக்கு. நூல் முடியவில்லை. 1670இல், அவர் இறந்து எட்டு ஆண்டுகளின் பின், அந்தத் துண்டுகள் சிந்தனைகள் என்ற பெயரில் அச்சாகின.

அந்தக் கட்டில் அவர் வைக்கும் வாதம் எளிமையானது. வேட்டைக்காரனுக்கு வேண்டியது முயல் அல்ல, அதைக் கடையில் வாங்கலாம். துரத்தும் நேரம் அவனுக்கு வேண்டும். பராக்குக் காட்ட ஆளில்லாத அரசனும் பரிதாபத்துக்குரியவன்தான். நோய், மரணம், செய்துமுடிக்காத வாழ்க்கை என்பன அறை அமைதியானதும் வந்து பக்கத்தில் குந்திக்கொள்கின்றன. ஒரே மகனைப் பறிகொடுத்த ஒருவர், துரத்தப்படும் காட்டுப்பன்றி எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்கும் நேரத்தில் மட்டும் துயரை மறந்திருப்பதையும் அவர் எழுதுகிறார். அந்த இடத்தில் அவர் அந்த மனிதரைத் திட்டுவதில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். பறிகொடுத்தவர்களைச் செய்திக்காகச் சந்தித்திருக்கிறேன். பகலில் தோட்டம் இருக்கிறது, தையல் இருக்கிறது, இரவுதான் போகாது என்று வெவ்வேறு ஊர்களில் ஒரே விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் போய் மௌனத்தின் மேன்மையைப் பற்றிப் பேச முடியாது.

பஸ்காலும் அதைத் தன் உடம்பில் அறிந்திருந்தார். 1658இல் பல்வலியால் தூங்க முடியாத ஓர் இரவில், வலியை மறப்பதற்காகச் சக்கரம் உருளும்போது அதன் விளிம்பிலுள்ள புள்ளி வரையும் வளைகோட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். வலியும் மறந்தது, கணக்கும் முடிந்தது. பிறகு மறைபெயரில் போட்டி வைத்து, ஐரோப்பாவின் கணித அறிஞர்களை அழைத்து, முடிவுகளைப் பற்றிச் சச்சரவும் பட்டார். பராக்கைப் பற்றி அவ்வளவு கூர்மையாகக் குறிப்பெழுதியவர் அந்த இரவில் வேட்டைக்காரனாகவே இருந்தார். இதைப் போலித்தனம் என்று நான் நினைக்கவில்லை. தப்பியோடும் பாதைகளை நன்றாக அறிந்தவர் அதில் ஓடியவராகத்தானே இருப்பார்?

வோல்ட்டேர் 1734இல் இந்த வாதத்தைக் கடுமையாக மறுத்தார். மனிதன் செயலுக்காகவே படைக்கப்பட்டவன், சும்மா இருக்க முடியாமை எங்களுடைய குறையல்ல, எங்களுடைய நன்மைக்கான கருவி என்பது அவருடைய கட்சி. அதிலும் நியாயம் உண்டு. ஆனால் 2014இல் வேர்ஜினியா பல்கலைக்கழக உளவியலாளர் திமொதி வில்சன் குழுவினர் சயன்ஸ் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு பஸ்காலின் பக்கத்துக்கும் வலுச் சேர்க்கிறது. ஒரு பரிசோதனையில், வெறும் அறையில் 15 நிமிடம் யோசித்துக்கொண்டிருக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு, விரும்பினால் தமக்குத் தாமே சிறிய மின்னதிர்ச்சி கொடுக்கும் பொத்தான் ஒன்று இருந்தது. அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கக் காசு கொடுக்கவும் தயார் என்று முன்னர் சொன்னவர்களில், 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அதை அழுத்தினார்கள். வலிகூட ஒரு பராக்குத்தான்.

இன்று அந்தப் பொத்தான் எங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. அதை அழுத்தவைப்பதுதான் எனது தொழிலின் ஒரு பகுதி. நான் எழுதும் தலைப்பும் யாரோ ஒருவர் தன்னிடமிருந்து தப்பிக்கும் ஐந்து நிமிடமாக இருக்கலாம். அதனால் பஸ்காலை வாசித்த பிறகு நான் என்னிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்தப் பராக்கு வலியைத் தாங்க உதவுகிறதா, அல்லது வலி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் செய்கிறதா?

1661 ஒக்டோபரில் ஜாக்லின் இறந்தார். பஸ்காலுக்கு அப்போது உடல் முற்றாகத் தளர்ந்திருந்தது. ஆனாலும் அடுத்த ஆண்டு மார்ச் 18ஆம் திகதி, அவரும் நண்பர்களும் சேர்ந்து பரிஸில் குறித்த பாதையில், குறித்த நேரத்தில், ஐந்து சோல் கட்டணத்தில் ஓடும் குதிரை வண்டிச் சேவையைத் தொடக்கினார்கள். நகரப் பேருந்துச் சேவையின் முன்னோடி அது. மனிதர்கள் அறையில் இருக்க மாட்டார்கள் என்று எழுதியவர், அவர்கள் போய்வர வண்டி விட்டார். அதில் தனக்கு வரும் பங்கைப் பட்டினியால் வாடிய புளுவா பகுதி ஏழைகளுக்குக் கொடுக்க விரும்பினார்.

தன் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பத்தைத் தங்கவைத்திருந்தார். அவர்களுடைய பிள்ளைக்கு அம்மை கண்டபோது, அவர்களை வெளியேற்றாமல், தானே எழுந்து ஜில்பேர்த்தின் வீட்டுக்குப் போனார். அங்கே படுத்தவர் திரும்பவில்லை. தனக்குக் கிடைக்கும் பராமரிப்பு ஒரு ஏழை நோயாளிக்கும் கிடைக்கவேண்டும், அப்படி ஒருவரைக் கூட்டிவந்து பக்கத்தில் படுக்கவைக்கவேண்டும் என்று கேட்டார். அது நடக்கவில்லை. அப்படியானால் தீராத நோயாளிகளின் மருத்துவமனைக்குத் தன்னைத் தூக்கிச்செல்லுமாறு கேட்டார். வைத்தியர்கள் விடவில்லை. 1662 ஓகஸ்ட் 19ஆம் திகதி இறந்தார்.

கடைசி நாட்களில் அவருக்குக் கணக்கு தேவைப்படவில்லை. தனிமையும் தேவைப்படவில்லை. தன்னைப் போலவே வலியோடு விழித்திருக்கும் இன்னொருவர் பக்கத்தில் இருந்தால் போதும் என்றே நினைத்தார். பராக்குக்கும் துணைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். பராக்கு எங்களை எங்களிடமிருந்து தூக்கிக்கொண்டு போகிறது. துணையோ பக்கத்தில் குந்துகிறது, நினைவுகளும் அங்கேயே இருக்கின்றன.