கடற்படை துரத்தியும் அகப்படாத படகு!

பிரபு வீட்டுப் பிள்ளை. ஆனால் பட்டறையில் தொழில் பழகியவர்! அவர்தான் சார்லஸ் பார்சன்ஸ்.

1854இல் லண்டனில் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற வானியல் அறிஞர். பார்சன்ஸ் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் கற்றார். பிறகு நியூகாசிலில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார்.

1884இல், நீராவியின் வேகத்தில் சுழலும் டர்பைன் எந்திரத்தை அமைத்தார். அதைக் கப்பலில் பூட்ட ஆசைப்பட்டார். 1894இல் 'டர்பினியா' என்ற சோதனைப் படகைக் கட்டினார்.

வேகம் எங்கே?

எந்திரத்தில் வலு இருந்தது; படகில் வேகம் இல்லை! மணிக்கு 20 கடல் மைலைக்கூட எட்டவில்லை. விசிறியை மாற்றி மாற்றிப் பூட்டியும் பயனில்லை.

பார்சன்ஸ் சோர்ந்துவிடவில்லை. தொட்டித் தண்ணீரில் சிறு விசிறியைச் சுழலவிட்டு உற்றுப் பார்த்தார். உண்மை விளங்கியது. விசிறி மிதமிஞ்சிய வேகத்தில் சுழன்றதால் அதைச் சுற்றி நீராவிக் குமிழிகள் உண்டாயின. தள்ளுவதற்குத் தண்ணீர் சரியாகக் கிடைக்கவில்லை!

ஒரு டர்பைன் இருந்த இடத்தில் மூன்றை வைத்தார். மூன்று தண்டுகள், தண்டுக்கு மூன்று விசிறிகள். படகு 34 கடல் மைல் வேகத்தில் பறந்தது!

1897இல் விக்டோரியா ராணியின் வைர விழா. கடற்படை அணிவகுப்புக்குள் டர்பினியா பாய்ந்தது. ரோந்துப் படகுகள் துரத்தின, பிடிக்க முடியவில்லை. 1906இல் 'டிரெட்நாட்' போர்க்கப்பலே டர்பைனால் ஓடியது.

1931இல், கப்பல் பயணத்தின்போதே பார்சன்ஸ் காலமானார். இன்று நம் குமரி மாவட்டத்துக்கு அருகே கூடங்குளத்தில் மின்சாரம் பிறப்பதும் நீராவி டர்பைன் சுழல்வதால்தான்!