மயிலையில் தொடங்கிய யாத்திரை

கம்பனைக் கற்றவர் பலர். கம்பன் வழியில் காப்பியம் பாட முனைந்தவர் சிலர். அச்சிலருள் ஒருவர், பிறந்த சமயத்தை விட்டு வேறொரு சமயம் புகுந்த பின்னரும் கம்பனை விடாதவர். அவரே எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் இரட்சணிய யாத்திரிகத்தின் சில செய்யுள்களை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய மாணவர் நம்மிடையே பலர் உண்டு. நானும் அவர்களுள் ஒருவன். ஆனால் அச்செய்யுள்களைப் பாடியவர் தாம் கொண்ட நம்பிக்கைக்கு என்ன விலை கொடுத்தார் என்பது பாடநூலின் 'நூல்வெளி'க் கட்டத்துக்குள் அடங்குவதன்று. அதைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

நெல்லைச் சீமையில் கரையிருப்பு எனும் சிற்றூர். அங்கே சங்கரநாராயண பிள்ளைக்கும் தெய்வநாயகி அம்மைக்கும் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் கிருஷ்ணபிள்ளை தோன்றினார். வைணவ வேளாளர் குடும்பம். தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். தாலாட்டோடு இராமகாதையும் கேட்டு வளர்ந்த பிள்ளை பின்னர் திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் முறையாக இலக்கண இலக்கியம் பயின்றார். இந்த அடித்தளத்தை மனத்தில் கொள்ள வேண்டும். பின்னாளில் அவர் எதை விட்டார், எதை விடவில்லை என்பதற்கு விளக்கம் இதில்தான் இருக்கிறது.

அன்றைய நெல்லை அமைதியாக இருந்த ஊரன்று. கிறிஸ்தவம் ஊர் ஊராகப் பரவிக் கொண்டிருந்தது, எதிர்ப்பும் வளர்ந்தது. 1845ஆம் ஆண்டில் நல்லூர்ப் பகுதியில் கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டனர். மதம் மாறுவது ஒருவருடைய மனம் சார்ந்த தனிச் செய்தியாகக் கருதப்படவில்லை. குடும்பமும் குலமும் ஊரும் கூடி அழவும் சினக்கவும் வேண்டிய செய்தியாக அது இருந்தது. இத்தகைய காலத்தில்தான், 1853இல், கிருஷ்ணபிள்ளை சாயர்புரம் கிறிஸ்தவப் பள்ளியில் தமிழாசிரியரானார். ஜி.யு. போப் தோற்றுவித்த கல்விக்கூடம் அது. பிழைப்புக்காகச் சென்றாரே ஒழிய, அம்மார்க்கத்தின்மீது அவருக்கு அப்போது விருப்பம் இல்லை.

மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. நண்பர் தனக்கோடி ராஜு, உடன்பிறந்தவரான முத்தையா பிள்ளை ஆகியோர் அவருக்கு முன்னரே கிறிஸ்துவின்பால் திரும்பினர். கிருஷ்ணபிள்ளை புதிய ஏற்பாட்டைப் படித்தார். தமிழில் வந்திருந்த மோட்சப் பிரயாண நூலையும் படித்தார். தமிழாசிரியருக்கே உரிய முறையில் ஒவ்வொன்றையும் எடுத்து, நிறுத்து, ஆராய்ந்து பார்த்திருப்பார். தாம் கிறிஸ்தவரான வரலாற்றைத் தாமே எழுதியும் வைத்தார். கணப்பொழுதில் வந்த மனமாற்றம் கணப்பொழுதில் போகவும் கூடும். பல மாதம் போராடி வந்ததே நிலைத்து நிற்கும் என்பது என் துணிபு.

பின்பு அவர் சென்னைக்கு வந்தார். இன்று மாலையில் இரயிலேறினால் காலையில் எழும்பூர். அன்று தென்னாட்டு இரயில் 1856இல்தான் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடத் தொடங்கியிருந்தது. திருநெல்வேலிக்கு அது வர 1876 ஆயிற்று. நெல்லையிலிருந்து சென்னை செல்பவன் ஏறக்குறைய வேற்று நாட்டுக்குச் செல்பவனே. அவர் வந்த காலமோ வடக்கே 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி மூண்டு, மதமாற்றம் என்ற சொல்லே நாடெங்கும் ஐயத்தைக் கிளப்பிய காலம். சென்னையில் பெர்சிவல் பாதிரியார் நடத்திய தினவர்த்தமானி இதழில் துணையாக இருந்தார். மாநிலக் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். கடற்கரை எதிரே நாம் இன்று காணும் சிவப்புக் கட்டடத்தில் அன்று. அது 1870இல் எழுந்தது.

1858ஆம் ஆண்டு மயிலாப்பூர் தூய தோமா ஆலயத்தில் கிருஷ்ணபிள்ளை திருமுழுக்குப் பெற்றார். அவர் சேர்ந்தது ஆங்கிலிக்கன் திருச்சபை. சாந்தோம் நெடுஞ்சாலையில் செல்வோர் வானளாவ நிற்கும் கத்தோலிக்கப் பேராலயத்தையே காண்பர். அதன் இன்றைய கட்டடம் 1896இல் முடிந்தது. தோமா பெயரில் அச்சாலையில் ஆங்கிலிக்கன் மரபில் வந்த ஆலயமும் உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு குழப்பிக்கொள்வோர் பலர்.

மயிலை என்னும் இடத்தை எண்ணிப் பாருங்கள். கபாலீசுவரர் கோயில் கொண்ட ஊர். பேயாழ்வார் தோன்றிய ஊர். இயேசுவின் சீடர் தோமா அடக்கம் செய்யப்பட்டதாகக் கிறிஸ்தவர் போற்றும் ஊர். ஆழ்வார் பாசுரத்தில் ஊறிய வைணவர் ஒருவர், ஆழ்வார் பிறந்த மண்ணில், தோமாவின் பெயர் தாங்கிய ஆலயத்தில் தலை குனிந்து நின்றார். அந்த நாளில் அவர் நெஞ்சில் ஓடியது முழுமையும் மகிழ்ச்சியாக இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர் அவருக்கு இடப்பட்டது. ஆனால் அது எச்.ஏ. என்ற தலைப்பெழுத்தாகச் சுருங்கிற்று. கிருஷ்ணபிள்ளை என்ற பெயர் அப்படியே நின்றது.

திருமுழுக்குக்குப் பின் மாறியவன் எதை இழந்தான்? 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம், மதம் மாறியவனின் சொத்துரிமை பறிபோகாது என்று காப்பளித்தது. சட்டம் நிலத்தைக் காத்தது, உறவைக் காக்கவில்லை. பந்தியில் இடமில்லை, மணவினையில் அழைப்பில்லை, நல்லதற்கும் கெட்டதற்கும் ஆளில்லை என்ற நிலையே அக்காலத்தில் மாறியோர்க்கு வாய்த்தது. தண்டனைகள் என்ற பெயரின்றியே வாழ்நாள் முழுவதும் தொடரும் தண்டனைகள் இவை. கிருஷ்ணபிள்ளை இவற்றிலிருந்து தப்ப எண்ணியிருந்தால் சென்னையிலேயே தங்கியிருக்கலாம். முகமறியாத பெருநகரில் ஆசிரியப் பணி இருந்தது. அவரோ தம்மை அறிந்த நெல்லைச் சீமைக்கே திரும்பினார். மீண்டும் சாயர்புரத்தில் ஆசிரியரானார். 1876 முதல் சி.எம்.எஸ். கல்லூரியில் பணி. 1886இல், ஏறத்தாழ அறுபது வயதில், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரிக்குச் சென்றார். மனோன்மணீயம் தந்த சுந்தரம் பிள்ளை தத்துவப் பேராசிரியராக விளங்கிய கல்லூரி அது. ஓய்வு கொள்ளும் பருவத்தில் புது ஊர் தேடிப் போன தமிழாசிரியரின் வாழ்வில் செல்வம் கொழித்திருக்காது என்பதை நாமே உய்த்துணரலாம்.

இந்த வாழ்வின் நடுவில்தான் காப்பியம் பிறந்தது. ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர் பாத்திரம் பழுது பார்க்கும் எளிய தொழிலாளி. அரசு ஒப்பாத முறையில் போதித்தார் என்பதற்காக 1660 முதல் 1672 வரை சிறையில் கிடந்தவர். வீட்டில் மனைவியும், பார்வையற்ற மகளும், பிற பிள்ளைகளும் வாடினர். போதிப்பதில்லை என்று ஒரு சொல் கொடுத்திருந்தால் கதவு திறந்திருக்கும். அவர் கொடுக்கவில்லை. அவருடைய மோட்சப் பிரயாணம் 1678இல் வெளிவந்தது. சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, 1878இல், கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவிப் பாடிய இரட்சணிய யாத்திரிகம் பாளையங்கோட்டை 'நற்போதகம்' மாத இதழில் வரத் தொடங்கிற்று. தாது வருடப் பஞ்சம் தமிழகத்தை உலுக்கி ஓய்ந்துகொண்டிருந்த நேரம் அது. பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலுருப் பெற்றது. ஐந்து பருவங்கள், 3,766 செய்யுள்கள்.

பனியனின் கதைத் தொடக்கத்தில் பயணி வீட்டை விட்டு ஓடுகிறான். மனைவியும் மக்களும் திரும்பி வருமாறு கூவியழைக்க, அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். ஆங்கில வாசகருக்கு அது உருவகம். நெல்லையில் மதம் மாறியவருக்கு அது நேற்று நடந்த நிகழ்ச்சி. அப்பகுதியை எழுதியபோது ஆசிரியரின் எழுத்தாணி சற்று நின்றுதான் நகர்ந்திருக்கும்.

மற்றோரிடத்தில் அவர் பனியனை விட்டு விலகுகிறார். ஆங்கில நூலில் இயேசுவின் பாடுகள் விரிவாகச் சொல்லப்படவில்லை. கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தில் அதனை விரித்துப் பாடுகிறார். ஏளனமும் அடியும் ஏற்று வாய் திறவாமல் நிற்கும் தலைவனை, அயோத்தியைத் துறந்து காடேகிய இராமனைப் பாடிய அதே விருத்த நடையில் காட்டுகிறார். காப்பியத்தின் சிகரம் இதுவே என்பேன். பிற பகுதிகளில் உருவகம் நீண்டு சலிப்பூட்டும் இடங்களும் உண்டு; அதை மறைப்பதற்கில்லை. இங்கு மட்டும் ஒரு சொல்லைக்கூட நீக்க மனம் வராது.

உறவு விலகியபோது அவருக்குத் துணையாக நின்றவை இரண்டு எனத் தோன்றுகிறது. ஒன்று அவர் கொண்ட நம்பிக்கை. மற்றது தந்தை வீட்டில் பெற்ற தமிழ். முன்னதற்காகத் தந்தை வீட்டுச் சமயத்தைத் துறந்தார். பின்னதை வைத்தே முன்னதைப் பாடினார். வீட்டார் இதனை ஆறுதலாகக் கொண்டிருப்பரா? கொண்டிருக்க மாட்டார்கள். எனினும் கிறிஸ்தவக் கம்பர் என்ற பட்டத்தில் அவருடைய இரண்டு வீடுகளும் சேர்ந்தே இருக்கின்றன.

முதுமையிலும் எழுதுகோலை அவர் கீழே வைக்கவில்லை. இரட்சணிய சமய நிர்ணயமும் இரட்சணிய மனோகரமும் அவருடைய வாழ்வின் கடைசி ஆண்டுகளில் வெளிவந்தன. 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் அவர் காலமானார். அவருடைய விருத்தங்களைத் தமிழ்த் திருச்சபையார் இன்றும் பாடுகின்றனர். பாடுவோருட் பலர், அவற்றைப் புனைந்தவர் பெயர் கிருஷ்ணன் என்பதை அறியார்.