டெலிபோனை விட இதுதான் பெருசு... வெளிச்சத்தில் பேசிக் காட்டிய கிரஹாம் பெல்!

உங்க வீட்டில் ஃபைபர் இன்டர்நெட் இருக்கா? மோடத்தின் பின்னால் செருகியிருக்கும் அந்த மெல்லிய கேபிளுக்குள் ஓடுவது கரண்ட் இல்லை, வெளிச்சம். வெளிச்சத்தில் குரலை ஏற்றி அனுப்பலாம் என்று 1880-லேயே செய்து காட்டியவர், டெலிபோனால் நமக்குத் தெரிந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல். டெலிபோனை விட இதுதான் தன் பெரிய கண்டுபிடிப்பு என்பது அவர் எண்ணம்.

காது கேளாத வீட்டில் இருந்து...

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1847 மார்ச் 3-ல் பிறந்தவர் பெல். அப்பா பேச்சுப் பயிற்சி நிபுணர். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. சகோதரர்கள் இருவரும் காசநோயில் இறந்துபோக, மிச்சமிருந்த ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டும் என்று 1870-ல் குடும்பமே கனடாவுக்குக் கிளம்பியது.

பிறகு அமெரிக்காவின் பாஸ்டனில் காது கேளாதோருக்கு ஆசிரியர் ஆனார். அங்கே மாணவியாக வந்த மேபலைத்தான் 1877-ல் திருமணம் செய்தார். ஆனா ஒரு விஷயம்: சைகை மொழி வேண்டாம், வாயால்தான் பேசப் பழக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்ததை, காது கேளாதோர் சமூகம் இன்றும் மன்னிக்கவில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

1876-ல் டெலிபோனுக்குக் காப்புரிமை. அப்போது வயது 29. அடுத்து வந்தது பணமும் புகழும், கூடவே நூற்றுக்கணக்கான வழக்குகளும்.

குரலைச் சுமந்த சூரிய ஒளி

1880-ல் பிரான்ஸ் அரசு வோல்டா பரிசாக 50,000 ஃபிராங்க் கொடுத்தது. அதை வைத்து வாஷிங்டனில் ஆய்வகம் நடத்தினார் பெல். கூட வேலை செய்தவர் சார்லஸ் சம்னர் டெயின்டர். கருவி செய்வதில் கெட்டிக்காரர். பெல்லின் யோசனைகளுக்குக் கை கால் கொடுத்ததில் இவர் பங்கு பெரியது, பெயர்தான் அவ்வளவாகத் தெரியவில்லை.

இருவரும் உருவாக்கியது 'போட்டோபோன்'. சூரிய ஒளியை மெல்லிய கண்ணாடி ஒன்றில் விழ வைத்தார்கள். கண்ணாடியின் பின்னால் பேசினால் அது அதிரும், லேசாக வளையும். அதில் பட்டுத் திரும்பும் ஒளி அதற்கேற்ப விரியும், குவியும். எதிர்முனையில் செலினியம் என்ற பொருள். வெளிச்சம் கூடினால் இதில் மின்சாரம் எளிதாகப் பாயும், குறைந்தால் தடைபடும். அந்த ஏற்ற இறக்கத்தை டெலிபோன் ரிசீவரில் கொடுத்தால் குரல் வந்துவிடும்.

ஃபிராங்க்ளின் பள்ளி மாடியில் டெயின்டர். 213 மீட்டர் தள்ளி ஆய்வக ஜன்னலில் பெல். கேட்டால் ஜன்னலுக்கு வந்து தொப்பியை ஆட்டுங்கள் என்றார் டெயின்டர். பெல்லுக்குத் தெளிவாகக் கேட்டது. தொப்பியை ஆட்டினார்.

அந்தச் சமயத்தில் பிறந்த மகளுக்கு 'போட்டோபோன்' என்றே பெயர் வைக்க ஆசைப்பட்டாராம். நல்லவேளை, மேபல் ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தைக்கு மரியன் என்று பெயர் வைத்தார்கள்.

தொப்பிக்குப் பதில் என்ன?

ஏன் தொப்பி? அந்தச் சோதனையில் ஒரு பக்கம் அனுப்பும் கருவி, மறுபக்கம் வாங்கும் கருவி மட்டும்தான். பெல் திருப்பிப் பேச வழியில்லை. அனுப்புவது, வாங்குவது இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் அதுதான் இன்றைய ஆப்டிகல் டிரான்ஸ்சீவர். டெலிகாம் கம்பெனி, டேட்டா சென்டர் ஸ்விட்ச்களில் விரல் அளவில் செருகப்படும் எஸ்எஃப்பி மாட்யூல் இதுதான். கண்ணாடியின் வேலையை லேசர் செய்கிறது, செலினியத்தின் வேலையை போட்டோடையோடு செய்கிறது.

ஒரே இழையில் இரு பக்கமும் பேச, இரண்டு அலைநீளம் வேண்டும். பல வீட்டு இணைப்புகளில் உங்களுக்கு வருவது 1490 நானோமீட்டரில், உங்களிடமிருந்து போவது 1310-ல். எஸ்எஃப்பியில் இப்படி ஒற்றை இழை மாட்யூல் வாங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான். ஒன்று 1310-ல் அனுப்பினால் எதிர்முனையில் இருப்பது 1310-ஐ வாங்குவதாக இருக்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டு வாங்கினால் இரண்டுமே பேசும், இரண்டுக்குமே கேட்காது. லிங்க் வராது!

அடுத்தது தூரம். சிங்கிள் மோட் இழையில் 1310-ல் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபல் ஒளி வீணாகும், 1550-ல் சுமார் 0.2 தான். அதனால்தான் 10 கிலோமீட்டர் மாட்யூல்களில் பெரும்பாலும் 1310, 80 கிலோமீட்டருக்கு 1550. ஒரே கட்டடத்துக்குள் மல்டிமோட் இழை என்றால் 850 போதும். பவர் அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று 80 கிலோமீட்டர் மாட்யூலை பத்து மீட்டர் கேபிளில் போடாதீங்க. வெளிச்சம் அதிகமானால் வாங்கும் பக்கம் திணறும், கெட்டும் போகலாம். போட்டே ஆக வேண்டும் என்றால் ஒளியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் வேண்டும்.

மேகத்திடம் தோற்றவர்

பெல்லுக்கு இந்தக் கணக்கெல்லாம் போட வாய்ப்பே இல்லை. அவர் ஒளி போனது திறந்த வெளியில். மேகம் வந்தால் பேச்சு நின்றுவிடும். மூடுபனி, மழை என்றாலும் அதே கதைதான். ஒளிக்கு ஒரு குழாய் தேவைப்பட்டது, அது அன்று இல்லை.

1960-ல் லேசர் வந்தது. சுத்தமான கண்ணாடி இழையில் ஒளியை வெகுதூரம் அனுப்பலாம் என்று 1966-ல் சார்லஸ் காவ் காட்டினார். அதற்கேற்ற இழையை 1970-ல் கார்னிங் நிறுவனம் தயாரித்தது.

இது எதையும் பெல் பார்க்கவில்லை. 1922 ஆகஸ்ட் 2-ல், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள தன் வீட்டில் இறந்தார். இறுதிச் சடங்கின்போது வட அமெரிக்காவின் டெலிபோன்கள் எல்லாம் ஒரு நிமிடம் அமைதியாக இருந்தன. அந்த மரியாதை டெலிபோனுக்காக. போட்டோபோனை அன்று யார் நினைத்திருப்பார்கள்?